முள் ஏன் பொய் சொல்கிறது?

அமெரிக்காவின் நாட்டுப்புறச் சாலை ஒன்றில் இரண்டு பழைய பிக்-அப் வண்டிகள் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் வைக்கோல் கட்டோ மரக்கட்டையோ ஏற்றுவதற்குத் திறந்த தட்டு. இதுதான் பிக்-அப். ஒன்று 1970ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-100. மற்றது அதே ஆண்டின் செவர்லே சி-10. இரண்டும் ஐம்பது வயதைக் கடந்தவை. இரண்டிலும் பெட்ரோல் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால், அறைக்கு உள்ளேயே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே நோய்: தொட்டியிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் மின் இணைப்பு ஒன்றில் துரு ஏறிவிட்டது.

ஃபோர்டுக்காரர் தொட்டி வழியும்வரை பெட்ரோல் போடுகிறார். ஆனால் மானியின் முள் பாதிப் பக்கம் வந்து நின்றுவிடுகிறது. அதற்குமேல் ஏற மறுக்கிறது. அவருக்கு எரிச்சல்தான். ஆனாலும் பெட்ரோல் தீர்ந்து ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. செவர்லேக்காரரின் கதை வேறு. கிட்டத்தட்டக் கால் தொட்டி இருக்கிறது என்கிறது முள். அதை நம்பி ஊரைத் தாண்டிப் போகிறார். அடுத்த பெட்ரோல் நிலையம் முப்பது மைல் தள்ளி இருக்கும்போது என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்கிறது. இறங்கித் தொட்டியைத் தட்டிப் பார்க்கிறார். வெறும் பாத்திரத்தின் ஓசை! முள்ளோ இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

ஒரே துரு ஒரு வண்டியில் இருப்பதைக் குறைத்துச் சொல்லவைக்கிறது. மற்றொன்றில் இல்லாததை இருப்பதாகச் சொல்லவைக்கிறது. இது எப்படி? விடை எங்கோ இல்லை. நீங்கள் வகுப்பில் படித்திருக்கும் ஓம் விதியில்தான் இருக்கிறது.

குச்சியும் தக்கையும்

தொடக்கக் காலத்து மோட்டார் வண்டிகளில் பெட்ரோல் மானி என்று ஒன்று கிடையாது. 1908இல் வந்த புகழ்பெற்ற ஃபோர்டு டி மாடலில் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. எவ்வளவு பெட்ரோல் மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? இருக்கையைத் தூக்கு, மூடியைத் திற, ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு எடு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார். அவ்வளவுதான். 1925இல் ஃபோர்டு தொழிற்சாலையிலேயே சுமைத்தட்டுப் பொருத்தி விற்கப்பட்ட முதல் பிக்-அப்பும் இந்த டி மாடல்தான். குச்சியை நம்பினால் ஏமாற்றம் இல்லை. ஆனால் ஓடும் வண்டியில் குச்சி விட்டுப் பார்க்க முடியாதே!

1928ஆம் ஆண்டு மாடலாக விற்பனைக்கு வந்த ஏ மாடலில் தொட்டி ஓட்டுநரின் முகத்துக்கு நேராக, டாஷ்போர்டின் பின்னாலேயே அமைந்தது. உள்ளே ஒரு தக்கை மிதந்தது. தக்கை ஏறி இறங்க, அதோடு இணைந்த எண் வட்டு சுழன்று சிறு கண்ணாடி வழியே தெரிந்தது. கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. தக்கை ஊறி மூழ்கினாலோ எண்ணெய் கசிந்தாலோ தவிர, கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. என் கருத்தில், இதுவரை செய்யப்பட்ட பெட்ரோல் மானிகளில் மிக நேர்மையானது அதுதான்.

தொட்டி ஓட்டுநரின் பார்வையிலிருந்து விலகியதும் இடையில் ஒரு தூதன் தேவைப்பட்டான். அந்தத் தூதன்தான் மின்னோட்டம். தூதன் வந்ததோடு பொய்க்கும் வழி பிறந்தது.

முள் பெட்ரோலைப் பார்ப்பதில்லை

இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: டாஷ்போர்டில் இருக்கும் முள்ளுக்குப் பெட்ரோலைப் பற்றி எதுவுமே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் வழியாக ஓடும் மின்னோட்டம் ஒன்றே.

தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் பித்தளைத் தகட்டால் ஆன, காற்று அடைத்த சிறு டப்பி. அது ஒரு கம்பிக் கையின் நுனியில் இருக்கும். பெட்ரோல் மட்டம் இறங்கினால் கையும் இறங்கும். கையின் மறுமுனையில் ஒரு சிறிய உலோக நாக்கு. அது மின்தடைக் கம்பி சுற்றிய ஒரு பட்டையின்மீது உரசிக்கொண்டு நகரும். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் நழுவும் குமிழ் வைத்த மின்தடை மாற்றியைப் பார்த்திருப்பீர்கள். அதன் குட்டித் தம்பிதான் இது. குமிழை நகர்த்துவது உங்கள் விரல். இங்கே நகர்த்துவது மிதவை. இந்த அமைப்பு முழுவதையும் மெக்கானிக்குகள் ‘டாங்க் யூனிட்’ என்பார்கள்.

பாட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் சாவி வழியாக மானிக்கு வந்து, அங்கிருந்து ஒரே ஒரு கம்பி வழியாக டாங்க் யூனிட்டுக்குப் போகிறது. திரும்பி வரும் கம்பி எங்கே? தனிக் கம்பி கிடையாது. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் பாதை. இதைத்தான் ‘எர்த்’ என்கிறோம். நிலத்தில் புதைத்த எர்த் அல்ல. பெயர் மட்டும்தான் ஒன்று.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். பெட்ரோல் தொட்டிக்குள் மின்சாரத்தை விடுவதா? தீப்பிடிக்காதா? பெட்ரோல் ஆவி எரிய வேண்டுமானால் காற்றோடு ஒரு குறிப்பிட்ட அளவில்தான் கலந்திருக்க வேண்டும். காற்றில் சுமார் ஒன்றரை விழுக்காட்டிலிருந்து ஏழரை விழுக்காடு வரை ஆவி இருந்தால் பற்றும். அதற்கு மேற்பட்டால் எரியப் போதிய ஆக்சிஜன் இல்லை. மூடிய தொட்டிக்குள் சாதாரணமாக ஆவி இந்த எல்லையைத் தாண்டி அடர்ந்திருக்கிறது. தவிர, ஓடும் மின்னோட்டமும் மிகச் சிறியது. ஆனால் தொட்டியைத் திறந்துவிட்டால் இந்தப் பாதுகாப்புப் போய்விடும். இதைப் பின்னால் மறக்கக்கூடாது.

ஃபோர்டின் சூடேறும் முள்

எஃப்-100 வண்டியின் மானியைத் திறந்து பார்த்தால் காந்தமோ சுழலும் சுருளோ தென்படாது. ஒரு சிறிய ஈருலோகப் பட்டையும், அதைச் சுற்றி மெல்லிய கம்பியும்தான் இருக்கும். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டையைச் சூடாக்கினால் அது ஒரு பக்கமாக வளையும் அல்லவா? 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் கப்பலில் பயன்படும் கடிகாரத்தில் வெப்பத்தால் வரும் பிழையைத் திருத்த இந்த உத்தியைக் கையாண்டார். அதே உத்தி இங்கே பெட்ரோலை அளக்க வந்துவிட்டது. கம்பியில் மின்னோட்டம் மிகுந்தால் சூடு மிகும், பட்டை வளையும், முள் ஏறும்.

சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழாது. அரைத் தூக்கத்தில் இருப்பவர் எழுவதுபோல் மெல்ல மெல்ல எழும். இது குறை அல்ல. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கி, தொட்டியில் பெட்ரோல் அலையடித்து, மிதவை ஆடினாலும், சூடு அவ்வளவு விரைவாக மாறாது. ஆகவே முள் அமைதியாக நிற்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. என்ஜின் நிற்கும்போது பாட்டரியின் அழுத்தம் 12 வோல்ட் அளவில் இருக்கும். ஓடும்போது 14 வோல்ட்டைத் தொடும். அழுத்தம் கூடினால் மின்னோட்டமும் கூடுமே! பெட்ரோல் போடாமலே முள் ஏறிவிடுமே! அதற்காக மானிக்கு முன்னால் ஒரு மின்னழுத்தச் சீராக்கி வைத்தார்கள். அதுவும் ஓர் ஈருலோகப் பட்டைதான். சூடேறியதும் வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் தொடும். விட்டு விட்டு வரும் 12 வோல்ட் துடிப்புகளின் சராசரி சுமார் 5 வோல்ட். சோம்பேறி முள்ளுக்குத் துடிப்புகள் தெரியாது, சராசரிதான் தெரியும். டிரான்சிஸ்டர் எதுவும் இல்லாமல், இரண்டு உலோகத் துண்டுகளை வைத்துச் சாதித்த வேலை இது!

இப்போது கணக்குக்கு வருவோம். எஃப்-100இன் டாங்க் யூனிட் தொட்டி காலியானபோது சுமார் 73 ஓம் தடையும், நிறைந்தபோது சுமார் 10 ஓம் தடையும் தரும். மானியின் கம்பிக்கு 13 ஓம் என்று நம் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தொட்டி நிறைந்தபோது மொத்தத் தடை 23 ஓம். 5 வோல்ட்டை 23ஆல் வகுத்தால் சுமார் 217 மில்லி ஆம்பியர். காலியானபோது மொத்தம் 86 ஓம். மின்னோட்டம் வெறும் 58 மில்லி ஆம்பியர். ஆகவே ஃபோர்டில் மின்னோட்டம் அதிகம் என்றால் பெட்ரோல் அதிகம்.

எர்த் இணைப்பில் துரு ஏறினால் என்ன ஆகும்? துரு சரியான மின்கடத்தி அல்ல. அந்த இடத்தில் 20 ஓம் தடை புதிதாக முளைத்துவிட்டதாகக் கொள்வோம். நிறைந்த தொட்டிக்கு இப்போது மொத்தத் தடை 43 ஓம். மின்னோட்டம் 116 மில்லி ஆம்பியர். பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. முள்ளும் பாதிப் பக்கமே நின்றுவிடும். துரு முழுவதுமாகத் தொடர்பைத் துண்டித்துவிட்டால்? மின்னோட்டமே இல்லை, முள் காலிக் கோட்டுக்கும் கீழே படுத்துவிடும். தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தாலும் “ஒன்றும் இல்லை” என்று கையை விரிக்கும். அந்தப் பயத்தில் ஓட்டுநர் பெட்ரோல் போட்டுக்கொண்டே இருப்பார். வழியில் நிற்கமாட்டார்.

செவர்லேயின் கயிறிழுப்பு

சி-10 வண்டியைச் செய்தவர்கள் வேறு வழியில் சென்றார்கள். அந்த மானியில் இரண்டு மின்காந்தச் சுருள்கள். ஒன்று முள்ளைக் ‘காலி’ பக்கம் இழுக்கும். மற்றது ‘நிறைவு’ பக்கம் இழுக்கும். கயிறிழுப்புப் போட்டியில் இரு பக்கமும் இழுக்க, நடுவில் கட்டிய துணி எங்கே நிற்கிறதோ அதுதான் பெட்ரோல் அளவு.

சுற்றைக் கவனியுங்கள். பாட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் முதலில் காலிச் சுருளைக் கடக்கிறது. பிறகு ஒரு சந்திப்பு. அங்கே இரண்டு பாதைகள் பிரிகின்றன: ஒன்று நிறைவுச் சுருள் வழியாக எர்த்துக்கு, மற்றது டாங்க் யூனிட் வழியாக எர்த்துக்கு. தொட்டி காலியானபோது இந்த டாங்க் யூனிட்டின் தடை கிட்டத்தட்ட சுழி. மின்னோட்டம் எல்லாம் அந்த எளிய பாதையில் ஓடிவிடும். நிறைவுச் சுருளுக்கு ஒன்றும் கிடைக்காது. முள் காலிப் பக்கம் போகும். தொட்டி நிறைந்தபோது தடை சுமார் 90 ஓம். அந்தப் பாதை கடினமாகிவிட, நிறைவுச் சுருளுக்கு மின்னோட்டம் மிகுதியாகக் கிடைக்கும். முள் நிறைவுப் பக்கம் சாயும்.

பாட்டரியின் அழுத்தம் ஏறினால் இரண்டு சுருள்களின் இழுவிசையும் சேர்ந்தே ஏறும். கயிறிழுப்பில் இரு பக்கமும் ஒரே விகிதத்தில் பலம் கூடினால் துணி நகராது அல்லவா? ஆகவே செவர்லேக்குச் சீராக்கி தேவையே இல்லை. மிக அழகான ஏற்பாடு. அழகில் ஃபோர்டை விஞ்சிவிட்டது என்றே சொல்வேன்.

ஆனால் துருவை இங்கே நுழையவிடுங்கள். அதே 20 ஓம். தொட்டி முற்றிலும் காலி. டாங்க் யூனிட்டின் தடை சுழி. ஆனால் மானியின் கணக்கில் அந்தப் பாதையின் தடை 20 ஓம். 90 ஓம் என்றால் நிறைவு, சுழி என்றால் காலி என்று பழகிய மானிக்கு 20 ஓம் என்றால் என்ன பொருள்? “கால் தொட்டிக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் இருக்கிறது!” நம் செவர்லேக்காரர் முப்பது மைல் முன்னால் நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். கம்பி முழுவதுமாக அறுந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. தடை எல்லையற்றது; முள் நிறைவுக் கோட்டையும் தாண்டிப் போய் நிற்கும். அறுந்த கம்பி “தொட்டி நிறைந்திருக்கிறது” என்று சொல்லும்!

நடுவில் வெட்டிப் பார்ப்பது

மெக்கானிக் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கமாட்டார். சங்கிலியை நடுவில் வெட்டுவார். தொட்டியருகே டாங்க் யூனிட்டில் செருகியிருக்கும் அந்த ஒற்றைக் கம்பிதான் நடு. அதைக் கழற்றியவுடன் நோய் முன்பக்கமா பின்பக்கமா என்று தெரிந்துவிடும்.

செவர்லேயில் கம்பியைக் கழற்றிச் சாவியைப் போட்டால் முள் நிறைவைத் தாண்ட வேண்டும். கழற்றிய நுனியை வண்டியின் சுத்தமான உலோகப் பகுதியில் தொட்டால் காலிக்கு விழ வேண்டும். இரண்டும் நடந்தால் மானியும் கம்பியும் நலம். நோய் தொட்டிப் பக்கம். நடக்காவிட்டால் தொட்டியைத் தொடவே வேண்டாம். டாஷ்போர்டுக்குப் பின்னால் தேடினால் போதும்.

ஃபோர்டில் எல்லாம் தலைகீழ். கம்பியைக் கழற்றினால் முள் காலியில் கிடக்க வேண்டும். நுனியை நேராக எர்த்தில் தொட்டால் முள் நிறைவைத் தாண்டி ஏறும். ஆனால் அப்படி நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருப்பது நல்லதல்ல. மானியின் சூடேற்றும் கம்பி தாங்கும் அளவுக்குமேல் மின்னோட்டம் பாய்ந்து அது கருகக்கூடும். அறிந்தவர்கள் இடையில் 10 ஓம் தடை ஒன்றை வைத்துத் தொடுவார்கள். முள் சரியாக நிறைவில் நின்றால் மானி நலம். ஆனால் உடனே பார்த்துவிட்டு “வேலை செய்யவில்லை” என்று முடிவு கட்டக்கூடாது. அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். சூடேறும் முள் அல்லவா!

ஃபோர்டில் இன்னொரு தடயமும் உண்டு. அதே சீராக்கிதான் என்ஜின் வெப்பமானிக்கும் மின்சாரம் தருகிறது. பெட்ரோல் முள், வெப்ப முள் இரண்டுமே ஒரே நாளில் செத்துவிட்டால் டாங்க் யூனிட்டைச் சந்தேகிப்பது வீண்; சீராக்கியைப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சியில் போய் நின்றால்? சீராக்கியின் எர்த் போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எர்த் இல்லாவிட்டால் சீராக்கிக்குள் இருக்கும் பட்டை சூடேறாது. சூடேறாவிட்டால் தொடர்பு விடுபடாது. விட்டு விட்டு வரவேண்டிய 12 வோல்ட் விடாமல் பாயும். வண்டி கொதிக்கிறது என்று பயந்து ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. கொதித்தது தண்ணீர் அல்ல, மானிகள்தான்.

சோதனை தொட்டிப் பக்கம் கைகாட்டினால் முதலில் செய்யவேண்டியது, டாங்க் யூனிட்டின் உடலுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் தற்காலிகமாக ஒரு நல்ல கம்பியை இணைத்துப் பார்ப்பது. முள் சரியாகிவிட்டதா? எர்த்துதான் கெட்டிருந்தது. உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, திருகாணியை இறுக்கினால் வேலை முடிந்தது. பழைய வண்டிகளில் இதுவே அடிக்கடி காணும் நோய். அதைச் செய்யாமல் புதிய டாங்க் யூனிட் வாங்கி மாட்டுபவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். சில வேளைகளில் புதியது வேலை செய்யவும் செய்யும். ஏனென்றால் மாட்டும்போது திருகாணிகளைக் கழற்றி இறுக்கியதில் துரு உரசிப் போயிருக்கும்!

எர்த் நலமாக இருந்தும் தொல்லை தீரவில்லை என்றால் மிதவையைப் பார்க்க வேண்டும். பித்தளை டப்பியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகும். பிறகு அது மிதக்காது, மூழ்கும். தொட்டி நிறைந்திருந்தாலும் கை அடியிலேயே கிடக்கும். இதில் மட்டும் ஃபோர்டும் செவர்லேயும் ஒரே பொய்யைச் சொல்கின்றன: “காலி”. ஏனென்றால் இங்கே கெட்டது மின்சாரம் அல்ல, ஆர்க்கிமிடிஸ்! மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே நீர்மம் சளசளக்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஓட்டை வழியே குமிழி விடும். ஓட்டை இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். உள்ளே சொட்டுப் பெட்ரோல் இருந்தாலும் சூட்டுக்கோல் பட்டதும் வெடிக்கும். புதிய மிதவையின் விலை மிகக் குறைவு. அந்த வீரத்துக்கு அவசியமே இல்லை.

மூன்றாவது நோய், தேய்மானம். ஆண்டுக்கணக்கில் உலோக நாக்கு உரசிய இடத்தில் மின்தடைக் கம்பி தேய்ந்து அறுந்திருக்கும். தொட்டி பாதியாகும்போது மட்டும் முள் திடீரென்று தாவி, பெட்ரோல் இன்னும் குறைந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் மீண்டும் சரியாகக் காட்டும். குறிப்பிட்ட ஒரே உயரத்தில் தவறினால் அது தேய்மானம். எல்லா உயரத்திலும் ஒரே போக்கில் தவறினால் எர்த். நாக்கின் தொடர்பு தேய்மானத்தால்தான் கெடவேண்டும் என்பதும் இல்லை. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் விற்பனையான பெட்ரோலில் கந்தகம் மிகுந்துவிட, பல கார்களின் டாங்க் யூனிட்டில் இருந்த வெள்ளித் தொடர்புகள் கறுத்து, மானிகள் கெட்டுப்போயின. வெள்ளிக் கொலுசு கறுப்பது போலத்தான்.

பல கை மாறிய வண்டிகளில் இன்னொரு விபரீதத்தையும் காணலாம். ஃபோர்டு மானிக்கு செவர்லேயின் டாங்க் யூனிட்டை யாரோ மாட்டியிருப்பார்கள். இரண்டுமே பழுதில்லாதவை; ஆனால் ஒன்றின் மொழி மற்றதற்குத் தெரியாது. தொட்டி காலியாகித் தடை சுழியானதும் ஃபோர்டு மானி “நிறைவு” என்று பெருமையாக நிமிரும். இத்தகைய வண்டியை மல்ட்டிமீட்டரில் ஓம் அளந்து பார்த்தால்தான் மர்மம் விளங்கும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. திறந்த தொட்டியிலிருந்து வழிந்து தரையோடு தவழ்ந்து செல்லும். கடும் குளிரிலும்கூடப் பெட்ரோல் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். கம்பி நுனியை எர்த்தில் தொடும்போது சிறு பொறி எழலாம். ஆகவே கம்பிச் சோதனையைத் தொட்டி மூடியிருக்கும்போது, பெட்ரோல் வாடையே இல்லாத நிலையில்தான் செய்வார்கள். டாங்க் யூனிட்டை வெளியே எடுக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். 1973ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து இந்த இரண்டு நிறுவனங்களும் தொட்டியை ஓட்டுநர் அறையிலிருந்து வெளியேற்றிச் சட்டத்தின் பக்கம் கொண்டுபோயின. அதற்குமுன் ஓட்டியவர்கள் பெட்ரோலின் மேல் சாய்ந்துகொண்டுதான் பயணம் செய்தார்கள்! தொட்டியைத் திறக்கும் வேலை பெரியவர்களுக்கும் தொழில் தெரிந்தவர்களுக்கும் உரியது. நீங்கள் செய்யக்கூடியது கீழே இருக்கிறது.

செய்து பாருங்கள்

பெட்ரோல் வேண்டாம், பிக்-அப் வேண்டாம். இரண்டு டார்ச் செல்கள், ஒரே வகையான இரண்டு டார்ச் பல்புகள், சிறிது கம்பி, ஒரு பென்சில் போதும். பல்பு பழைய இழை பல்பாக இருக்கட்டும், எல்.இ.டி. உதவாது. பென்சிலின் ஒரு பக்கத்து மரத்தை நீளவாக்கில் சீவி உள்ளே இருக்கும் கரிக்குச்சி முழுவதும் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். கரிக்குச்சிதான் உங்கள் டாங்க் யூனிட்.

முதலில் ஃபோர்டு. செல்கள், ஒரு பல்பு, கரிக்குச்சி மூன்றையும் தொடராக இணையுங்கள். ஒரு கம்பியைக் கரிக்குச்சியின் முனையில் கட்டி, மற்றக் கம்பியின் நுனியை அதன்மேல் நகர்த்துங்கள். நுனி நெருங்கி வந்தால் பல்பு ஒளிரும்: தொட்டி நிறைவு. விலகிப் போனால் மங்கும்: பெட்ரோல் குறைகிறது. நுனியை எடுத்துவிட்டால் பல்பு அணைந்துவிடும்.

அடுத்து செவர்லே. இரண்டு பல்புகளையும் செல்களோடு தொடராக இணையுங்கள். நேர்முனைக்கு அருகில் இருப்பது ‘காலி’ பல்பு. மற்றது ‘நிறைவு’ பல்பு. இரண்டு பல்புகளும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு கம்பியைக் கரிக்குச்சியின் முனைக்குக் கொண்டுபோங்கள். செல்லின் எதிர்முனையிலிருந்து இன்னொரு கம்பியைக் கொண்டுவந்து அதன் நுனியைக் கரிக்குச்சியின்மேல் நகர்த்துங்கள். நுனி முனைக்கு மிக அருகில் வரும்போது ‘காலி’ பல்பு பளிச்சென்று எரியும்; ‘நிறைவு’ பல்பு அணைந்திருக்கும். நுனியை விலக்க விலக்க ‘நிறைவு’ பல்பில் உயிர் வரும்.

இப்போது நுனியைக் கரிக்குச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். தொட்டியே இல்லை, கம்பியும் அறுந்துவிட்டது. ‘நிறைவு’ பல்பைப் பாருங்கள்!